கண்ணாடி தேவையில்லை

சாட்ஸ்வர்த் மால், இரண்டாம் மாடி.
"கண்ணாடியே தேவையில்லை அங்கிள்,
சும்மா நில்லுங்க" என்கிறாள் ரிவாஷ்னி.

திரைக்கு மேல் கடுகளவு கேமரா
என் கண்களைத் தேடுகிறது.
இடது, சரி.
வலதும் சரியாம்.

வலது கண்ணாடிதான், பெண்ணே.
யூனிட் த்ரீ மைதானத்தில்
ஒரு கிரிக்கெட் பந்து கொண்டுபோனது,
எழுபத்தொன்பதில்.

சுற்றிலும் பிள்ளைகள்
காற்றில் கைவிட்டு மீன் பிடிக்கிறார்கள்.
எனக்கு மீன் தட்டை,
மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடப்பதுபோல்.

ஆனாலும் அந்தக் கேமரா
நான் தலை சாய்த்தால் கூடவே வந்து,
ஒரு படம் இதற்கு,
சற்றே விலகிய இன்னொன்று அதற்கு
என்று பிரித்துப் பரிமாறுகிறது.

இத்தனை வருஷத்தில்
அந்தக் கண்ணுக்கென்று
யாரும் எதையும் காட்டியதில்லை.

"எப்படி அங்கிள்?"

இடக்கண்ணை மூடிக்கொண்டு
கொஞ்ச நேரம் நிற்கிறேன்.
அது பார்க்கட்டும்.