நாற்பத்தேழாம் எண்

எக்னாத்தியா தெருவில் எங்கள் கடை.
ஆள் கைவிரித்தால் இரு சுவரும் இடிக்கும்.
சுவர் முழுக்கப் பெருங்குடுவைகள், நூற்று இருபது.
பெரிய பெயர்களின் சாயலில்
பெயரில்லாத தைலங்கள்;
மில்லி கணக்கில் அளந்து விற்கிறோம்.

ஒவ்வொரு குடுவைக்கும் கீழே ஓர் அட்டை.
இது யாருக்குப் பொருந்தும் என்று
இரண்டு வரி எழுதுவது என் வேலை.
மோந்து பார்த்து எழுதுவதாகப் பேச்சு.
பாதிக்கு மேல் மோக்காமல் எழுதியவை.
ஆண்கள் பக்கத்துக்கு ஆறு சொல் போதும்:
துணிவு, மர்மம், தோல், புகை, கடல், வெற்றி.
மாற்றி மாற்றிக் குலுக்கினால்
அறுபது ஆண்கள் கிடைப்பார்கள்.
பன்னிரண்டாம் எண்ணுக்குக்
'கட்டுக்கடங்காத குதிரை' என்று எழுதினேன்.
பல் மருத்துவர்கள் வாங்குகிறார்கள்.

நாற்பத்தேழுக்கு எழுதியது:
'இரவை ஆள்பவன். அஞ்சாதவன்.
அதிகம் பேசாதவன்.'

ஸ்ட்ராட்டிஸ் அதைச் சத்தமாகப் படித்தான்.
மாலை ஐந்து மணி. அப்போதுதான் எழுந்த முகம்,
தலையணை மடிப்பு இன்னும் கன்னத்தில்.
மிகானியோனா மீன்துறையிலிருந்து
விடியுமுன் நகரத்துக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறவன்.
"பேசாதவன், அது சரி.
மற்ற இரண்டும் எத்தனை மில்லியில் வரும்?"
முப்பது என்றேன்.
சிரிக்காமல் பணத்தை எண்ணி வைத்தான்.
ஒரு நோட்டில் செதில் ஒட்டியிருந்தது.

பிறகு மாதம் ஒரு முறை,
அதே சீசா, அதே முப்பது.
அவன் போனபின் கடையில்
மீனும் டீசலும் முதலில் நாறும்;
கொஞ்சம் பொறுத்தால்
மிளகு, தேவதாரு,
பிறகு
நனைந்த கல்லில் வெயில் ஏறுவது போல ஒன்று.
அந்தக் கல்லை நான் அட்டையில் எழுதவில்லை.

வர்தாரிஸ் காற்று கதவைப் பிய்த்த ஒரு சனிக்கிழமை
அரெத்தி வந்தாள். மருத்துவமனைச் செருப்பு,
கண்ணுக்குக் கீழே இரவுப்பணி.
காகிதக் கீற்றுகளை மோந்து மோந்து
நாற்பத்தேழில் நின்றாள்.

"இதுதான்.
காலை ஆறரைக்கு எங்கள் லிப்டில் இருப்பது இதுதான்.
மூன்று வருடமாக.
ஆளைப் பார்த்ததில்லை."

அட்டையைப் படித்தாள்.
குடுவைகள் அதிரச் சிரித்தாள்.

"இரவை ஆள்கிறவரா?
லீவு நாளில் எனக்குத் தூக்கம் வராது.
இரண்டு மணிக்கு லிப்ட் இறங்கும்.
அந்த இரும்புக் கதவு
எல்லோர் கையிலும் துப்பாக்கி மாதிரி வெடிக்கும்.
இவர் கையில் மட்டும் வெடிக்காது.
பிடித்துப் பிடித்து விடுகிறார்,
தூளியை விடுவது போல.
பிப்ரவரியில் லிப்ட் பல்பு போனது.
மறுநாள் புது பல்பு. யார் மாட்டியது,
யாரும் கேட்கவில்லை.
சூடான கண்ணாடியில் இதே வாசம்."

வாங்கவில்லை.
கீற்றை மட்டும் பர்ஸில் சொருகிக்கொண்டாள்.
பெயர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
ஆறு சொல்லை விற்றுப் பிழைக்கும் கடைக்கு
இருப்பது அந்த ஒரு ஒழுக்கம்தான்.

கடை சாத்துமுன் முதல்முறையாக
நாற்பத்தேழை ஒழுங்காக மோந்தேன்.
பழைய அட்டையைக் கிழித்தேன். புதிது:
'இது பொருந்துவது,
இரவு இரண்டு மணிக்குக்
கதவைக் கையால் தாங்கி விடுகிறவருக்கு.'

முதலாளி பந்தெலிஸ் திட்டினார்.
"எவன் வாங்குவான், வாட்ச்மேனா?"
பொய்யில்லை. அந்த மாதம்
குடுவை விரலளவும் இறங்கவில்லை.

முப்பதாம் தேதி ஸ்ட்ராட்டிஸ் வந்தான்.
குனிந்தான். உதடு அசைந்தது,
சத்தம் வரவில்லை.
நிமிர்ந்து என்னைப் பார்க்காமல்
தெருவைப் பார்த்தான். ஒரு பேருந்து போனது.
இன்னொன்றும் போனது.

"ஐம்பது கொடு" என்றான்.

சீசாவில் கொள்ளாது என்றேன்.

"வேறு சீசா இருக்குமே."