பெயருக்குள் இருந்தால் மறை

ரெஜைனா. ஜனவரி. விடிகாலை மூன்று பத்து.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
உள்ளே நானும்
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பொருள்களும்.

பொருள் என்றுதான் திரை சொல்கிறது:
கோபுரம், கோபுரத்தின் மின்கலம்,
மின்கலத்தின் வெப்பமானி,
கதவு திறந்தால் கத்துகிற கம்பி.
ஆளுக்கோர் எண், ஆளுக்கொரு பெயர்.
எந்தப் பொருளுக்கும் இங்கே
பொருள் கேட்பதில்லை.

அத்தனையும் ஒன்றாய் ஓடினால் கண் கரைந்துவிடும்.
அதனால் சல்லடை.
'வடக்கு' என்று தட்டினால் வடக்கு மட்டும் நிற்கும்.
ஒன்பதில் தொடங்கும் எண்ணைக் கேட்டால்
ஒன்பதாம் வட்டம் வரிசைக்கு வரும்.
மற்றதெல்லாம் போய்விடாது,
பார்வையில் இருக்காது, அவ்வளவுதான்.
புதிதாய் வேலைக்கு வருவோரிடம்
இதை நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

செயற்கைக்கோள் போனில் டாரெல் நாட்டோமகன்.
முதன்முதலில் பணிப்பட்டியலில் அவன் பெயர் வந்தபோது
என் காது தன்னிஷ்டத்துக்கு
'மகன்' என்று சலித்தெடுத்து,
யார் வீட்டுப் பிள்ளையோ என்று ஒரு நொடி மலர்ந்தது.
க்ரீ மொழியில் அது வேறு சங்கதி.
"என் பெயருக்குள்ள உன் பாஷை எப்படி நுழைஞ்சது?"
என்று சிரித்தான் அன்று.

இன்று சிரிக்கவில்லை.
"டெஸ்டமென்ட் ஏரிக் கோபுரம் செத்துக் கிடக்கு.
நேத்து மத்தியானத்துலேர்ந்து அக்காவுக்குப் போன் போகலை.
தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து
அடியிலதான் நிக்கிறேன்.
அங்க உனக்குத் தெரியலையா?"

என் திரை பச்சை. பயிர்ப் பச்சை.
பெயரைத் தட்டினேன். பூஜ்யம்.
பாதிப் பெயரைத் தட்டினேன். பூஜ்யம்.
"பெட்டியில தகடு இருக்கும், எண்ணைப் படி."

சாவியால் பனியைச் சுரண்டும் சத்தம்
விண்வெளி வரை போய் வந்தது.
நாலு. மூச்சு. பூஜ்யம். மூச்சு.
ஏழு. இன்னொரு ஏழு.
"கடைசி ஒண்ணா ஏழா, இரு, கையுறையைக் கழட்டறேன்...
ஒண்ணு."

எண்ணால் தேடினேன். அதுவும் பூஜ்யம்.
தகடு இருக்கிறது, சாவி இருக்கிறது,
விறைக்கிற விரலோடு ஒரு மனுஷன் இருக்கிறான்.
பொருள் மட்டும் இல்லை.

அப்போதுதான் திரையின் மேலோரத்தில்
எறும்பளவு சாம்பல் எழுத்து:
ஒரு விதி இயங்குகிறது.
திறந்தேன்.
பெயருக்குள் 'டெஸ்ட்' இருந்தால் மறை.

சோதனைக் கோபுரங்களின் வெற்றுக் கூச்சலை அடக்க
அக்டோபரில் போட்டது.
மறை என்றது விதி.
மறைநூலின் பெயர் வைத்த ஏரி மறைந்தது.
வேறொரு நாளில் இந்தச் சிலேடைக்கு
எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

போட்டது யார்? அங்கே பெயர் இல்லை.
எண்: 20386.
அதை நான் தேட வேண்டியிருக்கவில்லை.
கழுத்தில் தொங்குகிறது.

விதியை நீக்கினேன்.
பன்னிரண்டில் முடிந்த எண்ணிக்கை இருபதானது.
ஆறு, நிஜமாகவே சோதனைகள்.
தெற்கே புரொடெஸ்ட் ஓடை (நல்லவேளை, பச்சை).
எட்டாவது, சிவப்பு.
பதினைந்து மணி நேரத்துச் சிவப்பு.
மின்கலம் அடங்குமுன் பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறது;
ஒவ்வொன்றும் நேரம் குறித்து
ஒழுங்காய் வரிசையில் நின்றிருக்கிறது.

"தெரியுது டாரெல்."
ஒன்றரை நொடித் தாமதம்.
"இப்பத்தானா?"
"இப்பத்தான். மறைச்சது நான்."

ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கும் சத்தம்.
மறுபடி.
மறுபடி.
பிடித்துக்கொண்டது.
"முதல்ல அக்காவைக் கூப்பிடறேன்" என்றான்,
என்னிடம் வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

அறிக்கையில் 'காரணம்' கட்டத்துக்கு ஒரு பட்டியல்:
வானிலை, மின்சாரம், வனவிலங்கு, மற்றவை.
மற்றவையைத் தொட்டு என் பெயரை எழுதினேன்.
பதினாறு எழுத்தில் கட்டம் வெட்டியது.
அருள்மங்கை நாச்சிமு
என்று நின்றவளை
அடுத்த வரியில் எழுதி முடித்தேன்.