இருமுறை கொடுத்த பசு

மழைத்துளி எத்தனையோ அத்தனை பசுக்கள்
கொடுத்தாயாம், நிருகா.
வானத்து மீன் எத்தனையோ அத்தனை.
கொம்பில் பொன், குளம்பில் வெள்ளி, கூடவே கன்று.
எண்ணியவன் பெயர்
எந்தக் கதையிலும் இல்லை.

துவாரகைக்கு வடக்கே
காற்றே உப்புக் கரிக்கும் மேட்டில்
வேஜா ரபாரி கிணறு தூர்வாருகிறான்.
இருபது முழம் இறங்கியும் ஈரமில்லை.
மேலே கயிறு பிடித்திருக்கிறாள் ஜலு.
சேறாவது வருமா என்று இழுத்தால்
வாளி விளிம்பில் ஓர் ஓணான்,
எதற்கோ ஆமாம் சொல்லியபடி.
"ராஜா வந்துட்டார்" என்கிறாள், கீழே குனிந்து.
கிணறு சிரிக்கிறது.

வேலிக்கு ஓணான் சாட்சி.
உன் வழக்குக்கு யார், நிருகா?
எனக்குக் கொடுத்தாய் என்றான் ஒருவன்.
எனக்கும்தான் என்றான் மற்றவன்.
இருவரும் பொய் சொல்லவில்லை.
லட்சம் தருகிறேன், இதை விட்டுவிடு என்றாய்.
இதுதான் வேண்டும் என்றார்கள்.
அன்றுதான் உன் வாழ்வில் முதல்முறையாக
ஒரு பசு
ஒரே ஒரு பசுவாக உன்முன் நின்றது.
அசைபோட்டுக்கொண்டு.

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
அது வாங்கியவனுக்குச் சொன்னது.
கொடுப்பவன் பார்த்திருக்கலாம்,
பல்லை வேண்டாம், முகத்தை.

அவள் செய்தது இவ்வளவுதான்:
அந்தி சாய்ந்தது, கால் பழகிய வழியில் நடந்தாள்,
பழைய இடத்தில் வந்து படுத்தாள்.
தன்னைக் கொடுத்துவிட்டார்கள் என்று
யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பாவமா புண்ணியமா, எது முதலில் என்றான் எமன்.
கசப்பை முதலில் விழுங்கும் பிள்ளைபோல்
பாவம் என்றாய்.
விழும்போதே வால் முளைத்தது.

கிணற்றின் வாய்க்குள்
ஒரு நேரத்தில் பதினோரு மீன்களுக்கு மேல் தெரியாது.
யுகம் யுகமாய் அவற்றையே பார்த்தாய்.
எது மங்கல், எது சிவப்பு,
எது மாசியில் வராது.
பிறகு ஒரு கருத்த கை வந்து தொட்டது,
சொர்க்கம் போனாய் என்கிறார்கள்.
அங்கே மறுபடி கணக்கில்லாத வானம்.
பாவம்.

ஜலு வாளியைச் சாய்க்கிறாள்.
ஓணான் கள்ளிக்குள் போகிறது.

பொழுது இறங்க மாடுகள் திரும்புகின்றன.
அவள் எண்ணுவதில்லை, கூப்பிடுவாள்:
தோளீ. ராத்தடீ. காபரீ.
காபரி வரவில்லை.
போன தீபாவளிக்கு வாங்கியது.
விற்றவன் வீடு நான்கு மைல்.
வேஜா முகம்கூடக் கழுவாமல்
கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு
அந்தப் பக்கம் நடக்கிறான்.