செவ்வாய்க்கிழமை, மூன்று மணி

மனையாவெளியில் எங்கள் சபைக்குக்
கோபுரமில்லை, மணியுமில்லை.
முன்பு டயர்க் கடை.
இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும்
கிறீஸ் மணம்
ஜெபத்துக்கு முதலே வந்து குந்திவிடுகிறது.

செவ்வாயில் அரிசி கொடுக்கிறோம்.
"ஞாயிறும் வரவேணுமோ ஐயா?"
திருநீறு கலையாமல் நிற்கிற தாய்க்கு
வேண்டாம் என்கிறேன்.
மேலிடத்து அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு:
எத்தனை ஆத்துமா?
நான் பருப்பின் நிறையை எழுதி அனுப்புகிறேன்.

றெக்சன், தூள் குடிக்கிற பொடியன்,
போன மாதம் எங்கள் மின்விசிறியைக் கழற்றி விற்றான்.
இந்த மாதம்
அதே விசிறி தொங்கின கொளுக்கியின் கீழ்
வேர்த்து, நடுங்கி, பாயைக் கடித்தான்.
அவன் தலையைப் பிடித்திருந்தபோது
ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை எனக்கு.
காட்போட் மட்டையால் விசிறினேன்
விடியும்வரை.

இன்றைக்கு யசோதினி ஓடி வந்தாள்
சந்தையில் மீன் வெட்டின கையோடு.
"லோன்காரன்."
அரிசிச் சாக்குகளின் பின்னால் ஒடுங்கினாள்.
வாசலில் மோட்டார்சைக்கிள்.

"அவ இஞ்சையோ?"
"இல்லை."
"வந்தவவோ?"
"காணேல்லை."
"ஆளைத் தெரியுமெல்லோ, போதகர்?"
"தெரியாது" என்றேன்,
சத்தியமாய் என்ற சொல்லை மட்டும் விழுங்கி.

மூன்று தரம்.
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
சேவல் கூவவில்லை.
ஹோர்ன் அடித்தபடி மீன் வான்தான் போனது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
மதிலில் எங்கள் எழுப்புதல் கூட்ட நோட்டீசை
திகதியிலிருந்து தின்னத் தொடங்கியிருந்தது.

அவன் போகவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றினான்.
இருபத்திரண்டு வயதிருக்கும்;
நெற்றியில் தழும்புபோல வேர்வைக் கோடு.
தண்ணீர் கேட்டான். குடித்தான்.
"ஆளைப் பிடிக்காட்டி
என்ர சம்பளத்தில வெட்டுவினம்."

சாக்குகளின் கீழே இரண்டு பாதங்கள்.
விரல்களுக்கிடையில் செதில் மினுங்கியது.
பார்த்தான்.
நான் பார்த்ததையும் பார்த்தான்.
ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு
"வந்தா சொல்லுங்கோ,
வாற செவ்வாயும் வருவன்" என்றான்.
வழக்கமாய் அவன் திங்களில் வருகிறவன்.

ஒரு பை அரிசி நீட்டினேன்.
வாங்கி, தவணைப் புத்தகங்கள் இருந்த
பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

இரவு அறிக்கை எழுதினேன்.
பருப்பு, பதினொரு கிலோ.
பொய், மூன்று.
ஆத்துமாக் கட்டத்தை
இந்த முறையும் வெறுமையாய் விட்டேன்.