இரவல் கதிரைகள்

உவர்மலை ரியூசன் கொட்டிலில்
இரவல் வாங்கிய கதிரைகள் பதினாறு.
தீபாவளிக்கு வந்தவர்கள் இருபத்தேழு.
மூதூர்ப் பாதையில் வெள்ளம், வரமாட்டேன் என்ற ரம்ஸீனா
முதல் ஆளாய் நின்றாள்,
முந்தானைக்குள் வட்டிலப்பம்,
அதில் ஒரு சொட்டு மழை இல்லை.

ஏழரைக்குக் கரண்ட் போனது.
பிரிட்ஜ் உருகத் தொடங்க,
நாளைக்கென்று ஒளித்து வைத்த கணவாயையும்
சட்டியில் போட்டேன்.
என் கஞ்சத்தனம் மணக்க மணக்க வெந்தது.

ஃபோன் வெளிச்சம் எட்டாத மூலையில்
நிமலரூபன்,
காணிச் சண்டைக்குப் பிறகு முகம் பாராத தமையனிடம்
"அந்த உப்பைத் தாங்கோ" என்றான்.
இருட்டு. ஆள் தெரியாமல் கேட்டிருப்பான்.
அவரும் தந்தார்.

வெளிச்சம் வந்தபோது
ஏனோ எல்லாருக்கும் கண் கூசியது.

காலையில், தூறலுக்குள்,
திருப்பிக் கொடுக்கக் கதிரைகளை எண்ணினேன்.
பதினேழு.