பின்பெட்டி

இரண்டே பெட்டிகள் கொண்ட ரயில்.
நான் இருந்தது பின்பெட்டியில்.
தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஹமாதாவில் மாறி ஏறியதிலிருந்து
ஒரே வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தேன்:
இன்று முதல் உங்கள் பொறுப்பில் இருக்கிறேன்,
என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வில்னியஸ் வகுப்பில் வெண்ணெயாய் வந்த வாக்கியம்.
இங்கே வினைச்சொல் வரும்போது நாக்கு பிசகியது.
வலப்பக்கம் கடல் கூடவே வந்ததாம்.
பார்க்கவில்லை.
கைப்பேசியில் நிலையங்களின் பட்டியல்;
கடந்ததை எல்லாம் விரலால் அடித்துக்கொண்டே வந்தேன்.

இஸோனோ.
எழுந்து, சூட்கேஸை இழுத்து, கதவின் முன் நின்றேன்.
கதவும் என் முன் நின்றது.
பொத்தானை அழுத்தினேன்.
பிறகு குத்தினேன்.
கண்ணாடிக்கு அப்பால், நடைமேடையில்
குள்ளமாய் ஒரு மனிதர், உயரமாய் ஒரு பெண்,
நடுவே ஓர் அட்டையில் என் பெயர்.
ஊக்னே என்பது அங்கே உகுனே ஆகியிருந்தது.
மெய்யில் யாரோ ஓர் உயிரை ஏற்றியிருந்தார்கள்.

இருவரும் முன்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
வண்டி நகர்ந்தபோது அவள் திரும்பினாள்.
கண்கள் சந்தித்தன என்று சொல்ல ஆசைதான்.
சந்தித்தது என் உள்ளங்கையும் கண்ணாடியும்.

அடுத்த நிலையத்தில்
வெள்ளைக் கையுறை அணிந்த ஓட்டுநர்
முன்கதவை மூன்று முறை தொட்டுக் காட்டினார்.
ஆளில்லாத நிலையங்களில் இது மட்டும்தான் திறக்குமாம்.
எழுதியும் ஒட்டியிருந்தது, நான்கு சித்திர எழுத்துகளில்.
எங்கள் பாடத்தில் அந்த நான்கும் இல்லை.
கூடுதல் கட்டணம் வாங்க மறுத்தார்.
திரும்பும் வண்டியின் நேரத்தை என் கையேட்டில் எழுதினார்:
ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து.
தொப்பியைத் தொட்டுக் குனிந்தார்.
போய்விட்டார்.

ஒரு கூரை. ஒரு பெஞ்சு.
யாரோ தைத்துக் கயிற்றால் கட்டிவைத்த சிறு மெத்தைகள்.
மழை.
அழுவதற்கு அத்தனை வசதியும் இருந்தது.
ஆனால் பானம் விற்கும் இயந்திரம் ஓயாமல் முனகியது;
அதன் எதிரே அழக் கூச்சமாக இருந்தது.
காப்பி என்று நினைத்து ஒரு குவளை வாங்கினேன்.
சோள சூப்.
சூடாக இருந்தது, குடித்தேன்.
அடியில் ஒட்டிய கடைசி மணிகளுக்காகத்
தலையை அண்ணாந்து குவளையைத் தட்டிக்கொண்டிருந்தபோது
வந்து நின்றது ஒரு குட்டி வெள்ளை லாரி.

கதோவாக்கி இறங்கி ஓடிவந்தார், வீட்டுச் செருப்போடு.
மூச்சு வாங்க, உள்ளங்கையை விரித்துப் படித்தார்:
"லப்தியென்!"
மழையில் மை கரைந்து மணிக்கட்டுக்கு ஓடியது.
அது என் மொழி இல்லை.
எங்கள் வடக்கு எல்லையைத் தாண்டினால்
லாத்வியாக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள்.
"லப்தியென்" என்றேன் நானும்.
என் வாக்கியம் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

லாரியில் இரண்டே இருக்கைகள்.
அப்படியானால் அந்த உயரமான பெண்?
கேட்கத் தெரியவில்லை.
இரண்டு வளைவு தாண்டியதும் சாலையோரம் தெரிந்தாள்,
பூட்ஸ் சேற்றில் புதைய நடந்துகொண்டு.
குடை இல்லை.
தலைக்கு மேல் என் பெயர்.
எங்களைக் கண்டதும் அதையே இறக்கி ஆட்டினாள்,
நனைந்து, வாயெல்லாம் சிரிப்பாக.
கதோவாக்கி ஹாரனை ஒருமுறை அடித்தார்.
வேகத்தைக் குறைக்கவில்லை.

அன்றிரவு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.
அம்மாவுக்கு எழுதினேன்: சேர்ந்துவிட்டேன், எல்லாம் சரி.

நள்ளிரவில் கழிப்பறை தேடி இறங்கியபோது
வாசலில் என் காலணிகள் திரும்பியிருந்தன.
வீட்டைப் பார்த்து விட்டவை, தெருவைப் பார்த்து.
போய்விடு என்கிறார்களா?
வயிறு குளிர்ந்தது.
குனிந்து பார்த்தேன்.
அவர் செருப்பும் தெருவைப் பார்த்து.
அவள் பூட்ஸும்.
ஈரமானவற்றுக்குள் எல்லாம் கசக்கிய செய்தித்தாள்,
என்னுடையவற்றுக்குள்ளும்.

வாக்கியத்தை அங்கே மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
வினைச்சொல்லில் மறுபடியும் பிசகியது.
அவள் பூட்ஸில் தாள் ஊறிப்போயிருந்தது.
அதை எடுத்துவிட்டு,
மூலையில் இருந்த கட்டிலிருந்து ஒன்றை உருவி,
சத்தம் வராமல் கசக்கி,
விரல் முனைவரை திணித்தேன்.