முட்டுக்கல்

கோட்டைவாசல் தாண்டி இரண்டாவது வளைவு.
ஈட்டி மரங்களுக்கு நடுவே
மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது
ஃபார்கோ.
"ஆனை" என்று குத்தாலிங்கம்
என் சட்டையைப் பிடித்தான்.
ஆனை அசையும்.
இது எழுபது வருசமாய் அசையவில்லை.

வனத்துறைக் கடிதம் நாலு பக்கம்.
மூன்றே முக்கால் பக்கத்துக்குக் கூடாதவை:
கிளை ஒடியக் கூடாது. தீ கூடாது.
மண்வாரி இயந்திரம் கூடாது.
காட்டுச் சொத்து ஒரு கூழாங்கல்கூட
வெளியே போகக் கூடாது.
ஐந்து மணிக்கு மேல் ஆள் இருக்கக் கூடாது.
கடைசிக் கால் பக்கத்தில்
லாரியை எடுத்துக்கொள்ளலாம்.

காவலர் பாப்பச்சன் அட்டைக்கு உப்பு தடவியபடி
"இது வண்டியல்லா, வீடாணு" என்றார்.
மறுக்க முடியவில்லை.
பேட்டரிப் பெட்டியில் கொசுத்தேனீ.
டேங்கில் மழைத்தண்ணீர், அதில் தலைப்பிரட்டை.
டிரைவர் சீட்டின் சுருள்கம்பிக்குள்
முள்ளம்பன்றி உதிர்த்த இரண்டு முள்.

வாங்கிய கோவைக்காரர்
வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு நின்று
"என்ன கலர் இருந்திருக்கும்?" என்றார்.
உதுமான் எச்சில் தொட்டுக் கதவைத் தேய்த்தான்.
துரு.
துருவுக்குக் கீழே துரு.
அதற்கும் கீழே
நகக்கண் அளவு பச்சை.

நம்பர் பலகையில் டி.சி. மட்டும் மிச்சம்,
மற்றதைப் பாசி வைத்துக்கொண்டது.
திருவிதாங்கூர் கொச்சி.
கூப்பு வண்டியாய் இது மலையேறும்போது
செங்கோட்டை அந்தப் பக்கம்.
நின்ற பிறகு
செங்கோட்டை இந்தப் பக்கம்.
ஊர் நகர்ந்திருக்கிறது,
லாரி நகரவில்லை.

வடம் உரசினால் பட்டை உரியுமென்று
மரத்துக்குக் கோணி சுற்றினோம்,
அடிபட்ட காலுக்குச் சுற்றுவதுபோல.
"இழு" என்றேன்.
மண் ஒருதரம் மூச்சு விட்டது, அவ்வளவுதான்.
இரண்டாம் தரம் கொக்கி பிய்ந்து கையோடு வந்தது.
மூன்றாம் தரம்
எங்கள் வண்டி அதை நோக்கிப் போனது.
பாப்பச்சன் சிரித்தார்,
அடக்கமாக, அரசு ஊழியராக.

உதுமான் குப்புறப் படுத்து அடியில் நுழைந்தான்.
நெடுநேரம் சத்தமில்லை.
"பாம்பாலே?"
"இல்ல. கல்லு."

பின்சக்கரத்துக்கு முட்டு.
காட்டுக் கல் இல்லை, வழுவழுத்த ஆற்றுக்கல்.
தூக்கக் கம்பி கட்டிய தடம் நடுவில்.
டயர் போய், ரிம் அதன்மேல் உட்கார்ந்து
ரிம்மின் அகலத்துக்கு ஒரு குழி.

கிளீனர் வைத்திருப்பான்.
"கல்லு போட்டியாலே?" என்று
மேலேயிருந்து ஒரு குரல் கேட்டிருக்கும்.
"போட்டாச்சு" என்று கத்தியிருப்பான்.
அப்புறம்
அச்சு முறிந்ததோ, கான்ட்ராக்டர் நொடித்தாரோ,
காடு யாருடையதென்று
இரண்டு அரசாங்கங்கள் பேசிக்கொண்டிருந்தனவோ.
கை பிரேக்கும் கடைசிப் பல் வரை இழுத்திருந்தது.
கைவிட்டுப் போகிறவன் இத்தனை செய்ய மாட்டான்.
டீ குடித்துவிட்டு
திரும்பி வருகிறவன் செய்வது இது.

கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பினோம்.
சக்கரம் சுழலவில்லை,
வண்டி அப்படியே ஒரு முழம் சறுக்கியது,
சரிவைப் பார்த்து, இன்னொரு முழம்.
கோவைக்காரரின் ஷூ ஒன்று சேற்றில் தனியாக நின்றது.
"கல்லு போடுலே!" கத்தினது யாரென்று
இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு.
உதுமான் போட்டான்.
அதே கல். அதே குழியில் அதே ரிம்.
நின்றது.

நாலே முக்காலுக்கு டிரெய்லரில் ஏற்றினோம்.
கல்லையும் தூக்கி வைத்தான் குத்தாலிங்கம்.
"கல்லு போகான் பற்றில்லா" என்றார் பாப்பச்சன்,
மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்து.
"இது வண்டிச் சாமான், சார்."
அவர் குனிந்து
கம்பித் தடத்தையும் குழியையும் தடவிப் பார்த்தார்.
கடிகாரத்தைப் பார்த்தார்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
மலையாளத்தில் எழுதினார்:
பழைய லாரி, ஒன்று.
கல், ஒன்று.